தோட்டத்து வீட்டுக்கு இணைய இணைப்பு: வேகம், கட்டணம், போட்டி மூன்றையும் எப்படி ஒப்பிடுவது?

மண் வள அட்டையோடு உரப் பரிந்துரை கேட்க வந்த தென்னை விவசாயி ஒருவர், பேச்சு முடிந்து எழுந்தபோது, "சார், இதையும் கொஞ்சம் பாருங்க" என்று தன் செல்போனை நீட்டினார். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீடு. கொப்பரைக் களத்தைச் சுற்றி நான்கு கேமரா வைத்திருக்கிறார். அந்த மாதம் 20ஆம் தேதி இரவு களத்திலிருந்து கொப்பரை மூட்டைகள் திருடு போயின. கேமராவில் அந்த இரவின் பதிவே இல்லை. "100 எம்பிபிஎஸ் பிளான் சார். எங்க பக்கத்துல நான்தான் பெரிய பிளான் போட்டிருக்கேன்" என்றார். கம்பி இல்லாமல், மாடியில் ஆன்டெனா வைத்து 5ஜி சிக்னலை வாங்கும் இணைப்பு அது.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். தெளிவான படம் தரும் ஒரு கேமரா, படத்தை இணையம் வழியாகவே சேமித்தால், சுமார் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. அவருடைய திட்டத்தின் மாத வரம்பு 1,000 ஜிபி. 12ஆம் நாளிலேயே வரம்பு தீர்ந்து, வேகம் ஆமை நடைக்கு இறங்கியிருக்கிறது. 20ஆம் தேதி இரவு கேமராக்கள் படம் எடுத்தன, ஆனால் அனுப்ப வழியில்லை. அவர் காசு கொடுத்து வாங்கியது வேகத்தை. அவருக்குத் தேவைப்பட்டது வேறு.

இப்போது பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் முன்பதிவு, உழவன் செயலி, சொட்டுநீர்க் கட்டுப்பாடு, பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் இணையத்தில் வந்து நிற்கிறது. ஆகவே டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்க்காமல் மைலேஜ், சர்வீஸ் சென்டர், உதிரி பாகம் எல்லாம் விசாரிப்பது போல இதையும் விசாரித்து வாங்க வேண்டியிருக்கிறது.

விளம்பர வேகமும் வீட்டு வேகமும்

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் வருகிறது என்ற கணக்கு. நாம் போட்டோ, வீடியோ கோப்புகளை அளப்பது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். 30 எம்பிபிஎஸ் என்றால் 3.75 மெகாபைட். "100 போட்டேன், 12தான் காட்டுது, ஏமாத்திட்டாங்க" என்று வரும் புகார்களில் பாதி இந்த 8ஆல் வகுக்கும் கணக்குதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இரண்டாவது, இணைப்புக்கு இரண்டு திசை உண்டு. நமக்கு வருவது பதிவிறக்கம். நாம் அனுப்புவது பதிவேற்றம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வரும் வேகத்தை. கேமரா, வீடியோ அழைப்பு, பயிர் நோய்ப் படத்தை எங்களுக்கு அனுப்புவது எல்லாம் போகும் வேகத்தைச் சார்ந்தவை. ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் இரண்டும் சமமாகக் கிடைக்கும். 5ஜி ஆன்டெனா இணைப்பில் போகும் வேகம் கணிசமாகக் குறைவாக இருக்கும். இணைப்புக் கொடுப்பவரிடம் "அப்லோட் எவ்வளவு?" என்று கேளுங்கள். உடனே பதில் சொன்னால் விவரம் தெரிந்தவர்.

மூன்றாவது, பகிர்வு. ஃபைபர் என்பது வீட்டுக்கு வீடு தனி வாய்க்கால் இல்லை. இப்போது பரவலாக உள்ள தொழில்நுட்பத்தில், மையத்திலிருந்து வரும் ஒரு கண்ணாடி இழை சுமார் 2,500 எம்பிபிஎஸ் கொண்டு வருகிறது. அது வழியில் பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. முறைப்பாசனம் மாதிரிதான். எல்லோரும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் குறையும். ஆனால் கிராமங்களில் இந்தக் கடைசிப் பிரிப்பில் சிக்கல் வருவது குறைவு. ஊருக்கு வெளியிலிருந்து உள்ளூர் மையம் வரை வரும் தலைவாய்க்காலின் அளவை, வீடுகள் கூடியும் கூட்டாமல் விட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இரவு 7 முதல் 10 மணி வரை படம் சுற்றிக்கொண்டே நின்றால் இதைச் சந்தேகியுங்கள்.

சட்டப்படி எவ்வளவு வேகம் இருந்தால் பிராட்பேண்ட் என்று சொல்லலாம் தெரியுமா? நெடுநாள் 512 கேபிபிஎஸ் என்று இருந்ததை, தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தியது. அவ்வளவுதான். ஆகவே அந்தச் சொல்லை நம்பி எதையும் வாங்க முடியாது.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

சென்சார், வானிலை நிலையம், மோட்டார் கட்டுப்பாடு போன்றவை அனுப்பும் தகவல் மிகச் சிறியது. இவற்றுக்கு வேகம் பொருட்டே இல்லை, தடங்கல் இல்லாமல் இருந்தால் போதும். நல்ல வீடியோ அழைப்புக்கு இரு திசையிலும் 2 முதல் 3 எம்பிபிஎஸ் வேண்டும். டிவியில் தெளிவாகப் படம் பார்க்க 5 முதல் 8. ஒரு பிள்ளை ஆன்லைன் வகுப்பு, ஒருவர் டிவி, ஒருவர் போன் என்று வைத்துக்கொண்டாலும் 30 எம்பிபிஎஸ் ஒழுங்காக வந்தால் நான்கைந்து பேர் உள்ள விவசாயக் குடும்பத்துக்குத் தாராளம். 100க்கு மேல் போகச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், எதற்கு என்று கேளுங்கள்.

கேமராதான் விதிவிலக்கு. மேலே போட்ட கணக்கின்படி நான்கு கேமரா மாதம் 2,600 ஜிபி வரை இழுக்கும். இதற்காகப் பெரிய பிளான் போடாதீர்கள். கேமராவுக்குள் மெமரி கார்டு போட்டோ, வீட்டில் ரெக்கார்டர் பெட்டி வைத்தோ பதிவு செய்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் போனில் திறந்து பாருங்கள். மாதச் செலவு ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். இணைப்பு அறுந்தாலும் பதிவு இருக்கும்.

கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டகை வெப்பநிலை கூடினால் எச்சரிக்கும் கருவியை வீட்டு வைஃபையை மட்டும் நம்பி வைக்காதீர்கள். மின்சாரம் போனால் விசிறியும் நிற்கும், ரவுட்டரும் நிற்கும், எச்சரிக்கையும் வராது. பேட்டரியில் இயங்கும் சைரனும் சிம் கார்டு வழியாக அழைக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

கட்டணம்: போஸ்டரில் உள்ள எண் முழு எண் அல்ல

முதலில் வரி. இணையக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 399 ரூபாய் பிளான் என்றால் கையிலிருந்து போவது 471. 449 என்றால் 530. 599 என்றால் 707. எல்லா ஒப்பீட்டையும் வரியோடு சேர்த்தே செய்யுங்கள்.

அடுத்தது, "அன்லிமிடெட்" என்ற சொல். பெரும்பாலான வீட்டுத் திட்டங்களில் ஒரு மாத வரம்பு உண்டு. ஃபைபர் திட்டங்களில் 3,300 ஜிபியை ஒட்டி இருக்கும், ஆன்டெனா இணைப்புகளில் 1,000 ஜிபியை ஒட்டி. அதைத் தாண்டினால் இணைப்பு நிற்காது, வேகம் மட்டும் இறங்கும். எவ்வளவுக்கு இறங்கும் என்பதுதான் முக்கியம். 4 எம்பிபிஎஸ் என்றால் சமாளிக்கலாம். கேபிபிஎஸ் கணக்கில் சொன்னால் இணைப்பு இல்லாத மாதிரிதான். இந்த வரி விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

பிறகு ஒருமுறைச் செலவுகள்: இணைப்புக் கட்டணம், மோடம் விலை அல்லது முன்பணம், தோட்டத்துக்குக் கேபிள் இழுக்க மீட்டருக்கு இவ்வளவு என்று கேட்கும் தொகை. ஆறு மாதம், ஒரு வருடம் முன்பணம் கட்டினால் இணைப்புக் கட்டணம் இல்லை என்பார்கள். ஊரில் ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் சேவை நன்றாக நடக்கிறது என்று தெரிந்தால் கட்டலாம். தெரியாவிட்டால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டிப் பாருங்கள். கூடுதலாகும் சில நூறு ரூபாயைப் பரிசோதனைச் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். புது ரக விதையை முதல் வருடமே ஐந்து ஏக்கரிலும் விதைக்க மாட்டோம் அல்லவா?

இரண்டு நிறுவனங்களை ஒப்பிட எளிய வழி, மூன்று வருடத்தில் மொத்தம் எவ்வளவு போகும் என்று கூட்டி 36ஆல் வகுப்பது. தோட்டம் ஊரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்து, கேபிளுக்கு மட்டும் 12,000 ரூபாய் கேட்டால், அது மாதத்துக்கு 333 ரூபாய் கூடுதல். அப்போது 449 ரூபாய் ஃபைபரைவிட 599 ரூபாய் ஆன்டெனா மலிவாகத் தெரியலாம். கேபிள் இலவசமாக வந்தால் கணக்கு தலைகீழ். மின்செலவு பெரிதில்லை. மோடம் இரண்டு மாதத்துக்கு 17, 18 யூனிட்தான் எடுக்கும்.

நிறுவனங்களின் பிளான்களை ஒரே இடத்தில் பார்க்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கட்டண இணையதளம் நடத்துகிறது. அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பின்கோடைக் கொடுத்தால், அந்தப் பகுதியில் கம்பி இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களின் பெயர்கள் வரும். பின்கோடு பரப்பு பெரியது. பெயர் வந்தாலேயே உங்கள் தோட்டம் வரை கம்பி வந்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் யாரிடமெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியல் கிடைக்கும்.

போட்டி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது நாம் கண்ணால் பார்த்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் செல்போனில் 1 ஜிபிக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்தோம். வீட்டு இணைப்பிலும் அதுவே நடந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் தொடங்கியபோது குறைந்தபட்ச பிளான் 699 ரூபாய். ஒரே வருடத்தில், 2020 ஆகஸ்ட் கடைசியில், அது 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் என்றது. அக்டோபரில் பிஎஸ்என்எல் 449 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் கொடுத்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வைத்த விலைகள். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த பிஎஸ்என்எல்லை 2021 நவம்பரில் ஜியோ கம்பி இணைப்பு எண்ணிக்கையில் முந்தியது.

போட்டி குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் விழுந்தது. சிக்னல் போய், எண்ணை மாற்ற முடியாமல் மக்கள் கடைகளில் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. களத்தில் தனியார் மூவர் மட்டும் மிஞ்சினர். 2024 ஜூலை முதல் வாரத்தில் அந்த மூவரும் இரண்டொரு நாள் இடைவெளியில் கட்டணத்தை உயர்த்தினர். விலை ஏற்றாத பிஎஸ்என்எல்லுக்குப் பலர் எண்ணை மாற்றினார்கள்.

இது நாடு தழுவிய போட்டி. உங்கள் தோட்டத்து வீட்டுக்கு வருவோம். பெரிய நிறுவனங்களின் மாதக் கட்டணம் பெரும்பாலும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நான்கு நிறுவனங்கள் மோதும் தெருவிலும், ஒரே கம்பி உள்ள ஆனைமலை அடிவாரத்திலும் அதே 449, அதே 399. அதனால் போட்டி எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஒரே ஆள் மட்டும் உள்ள ஊரில் அதன் விளைவு விலையில் தெரியாது. பழுது பார்க்க ஆகும் நாட்களில் தெரியும். நகரத்தில் மாலைக்குள் வரும் லைன்மேன், இங்கே ஆறாவது நாள் வருவார். கேபிளுக்கு மீட்டர் கணக்கில் அவர் சொன்னதே விலை. வேண்டாத டிவி சேனல் தொகுப்பையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். மாலை நெரிசலைச் சரிசெய்ய அவசரம் இருக்காது. நீங்கள் போக வேறு இடமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: உங்கள் வீட்டுக்கு உண்மையில் எத்தனை வழி இருக்கிறது?

பெயர்களை எண்ணாதீர்கள், கம்பிகளை எண்ணுங்கள். கிராமங்களில் பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்பைப் பல இடங்களில் உள்ளூர் கேபிள் டிவிக்காரர்தான் வருவாய்ப் பங்கு அடிப்படையில் இழுத்துக் கொடுத்துப் பராமரிக்கிறார். அதே ஆள் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பையும் விற்கலாம். இரண்டு பெயர், ஒரே கம்பம், ஒரே லைன்மேன். அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் இரண்டும் படுத்துவிடும். செல்போன் கோபுரங்களிலும் இப்படித்தான். ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் இருக்கும். அங்கே டீசல் தீர்ந்தால் எல்லாச் சிக்னலும் சேர்ந்தே போகும். முதல் இணைப்பு ஃபைபர் என்றால், மாற்று ஏற்பாடாக வைக்கும் சிம் அந்தக் கேபிள்காரரோடு தொடர்பில்லாத, வேறு திசையிலுள்ள கோபுரத்தில் எடுக்கும் நிறுவனமாக இருக்கட்டும்.

இரண்டாவது வழி இல்லாத ஊரில் அதைக் கொண்டுவர முடியுமா? ஓரளவு முடியும். தனியாக ஒரு தோட்டத்துக்குக் கேபிள் இழுக்க எந்த ஆப்பரேட்டருக்கும் லாபமில்லை. ஆனால் ஒரு பிரிப்பான் பெட்டி வைத்துவிட்டால் அதிலிருந்து எட்டு, பதினாறு வீடுகளுக்குக் கொடுக்கலாம். அதே தடத்தில் உள்ள ஐந்தாறு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, பெயர், செல் எண், தூரம் எழுதிய ஒரு தாளோடு இரண்டு ஆப்பரேட்டர்களிடம் போய்க் கேளுங்கள். இருவரிடமும் கேட்டிருக்கிறோம் என்பதை இருவருக்கும் சொல்லுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதன் பெயரில் கேட்பது இன்னும் நல்லது. உரத்தை மொத்தமாக வாங்கி விலை குறைப்பது போன்றதே இதுவும்.

ஒருவர் இணைப்பு எடுத்து, பக்கத்துத் தோட்டங்களுக்குக் கேபிள் இழுத்து மாதப் பணம் வாங்குவது மட்டும் கூடாது. உரிமம் இல்லாமல் இணையத்தை விற்பது சட்டப்படி தவறு. ஊர்க் கடையில் வைஃபை விற்க வேண்டுமானால் அதற்கென்றே பிஎம்-வாணி என்ற திட்டத்தை 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் கடைக்காரருக்கு உரிமம் தேவையில்லை.

ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்லும் பணியை அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. ஊராட்சிக் கட்டடம் வரை இழை வந்திருந்தால், அங்கிருந்து வீடுகளுக்குக் கொடுக்க யார் முன்வந்திருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். இழை வந்து பெட்டிக்குள் சும்மா கிடக்கும் ஊர்களும் உண்டு. கிராம சபையில் கேட்கத் தகுந்த கேள்வி இது.

கம்பியா, காற்றா, வானமா?

ஃபைபர் கிடைத்தால் ஃபைபர்தான். மழை, தென்னை மறைப்பு எதுவும் அதைப் பாதிக்காது. அதன் எதிரிகள் வேறு: அணில், எலி, விழும் மட்டை, உயரமாகக் கரும்பு ஏற்றிய லாரி, ஜேசிபி, வேலியோரம் சருகு கொளுத்துவது. பண்ணைக்குள் வரும் கேபிளைக் குறைந்தபட்சம் அறுவடை இயந்திரம் போகும் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். அல்லது குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மோடமில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. மோடமை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை. புகாரில் "எல்ஓஎஸ் சிவப்பு" என்றே சொல்லுங்கள், ஆள் கருவியோடு வருவார்.

பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி இணைப்பு இன்னும் இருந்தால், மையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் சரியும். ஃபைபர் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்த ஏர்ஃபைபர் வகை, கம்பி போக முடியாத தோட்டங்களுக்கு நல்ல வழி. ஆனால் 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை இலைகள் தடுக்கும், நனைந்த இலைகள் இன்னும் தடுக்கும். அடர்ந்த தென்னந்தோப்பு நடுவே உள்ள வீட்டில், கோடையில் பொருத்திப் பார்த்து நன்றாக இருந்தது ஐப்பசி மழையில் பாதியாகலாம். ஆன்டெனாவை மர உச்சிக்கு மேல் கோபுரம் தெரியும்படி வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் வாங்குவதற்கு முன் அதே நிறுவனத்தின் 5ஜி சிம்மோடு மாடியில் ஏறி, மாலை நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

செயற்கைக்கோள் இணையம் பற்றி இப்போது அதிகம் கேட்கிறார்கள். பழைய வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததால், தகவல் போய்வர அரை நொடிக்கு மேல் ஆகும், வீடியோ அழைப்பு இடறும். ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, அந்தத் தாமதம் இல்லை. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. மலையோர எஸ்டேட்டுகளுக்கு இது பயன்படலாம். மற்றவர்கள் ஃபைபரையும் ஏர்ஃபைபரையும் முயன்ற பின்னரே இதை யோசிக்கலாம். இதற்கும் திறந்த வானம் வேண்டும் என்பதைத் தோப்புக்காரர்கள் மறக்க வேண்டாம்.

சோதித்துப் பார்க்கும் முறை

இணைப்பு வந்த அன்றே, கொடுத்தவர் நிற்கும்போதே ஒருமுறை வேகம் பார்ப்பார்கள். அது கண்காட்சிக் கரும்பு. உண்மை தெரிய ஐந்து நாள் வேண்டும். காலை 6 மணி, இரவு 8 மணி என நாளுக்கு இருமுறை, மோடமுக்கு அருகில் நின்று அல்லது லேப்டாப்பில் கேபிள் செருகிச் சோதியுங்கள். அடுத்த அறையிலிருந்து பார்த்தால் நீங்கள் அளப்பது உங்கள் வீட்டுச் சுவரை. டிராயின் மைஸ்பீட் செயலி போனில் உண்டு. சில சோதனைச் செயலிகள் அந்த நிறுவனத்தின் சொந்த மையம் வரை மட்டும் அளந்து பெரிய எண்ணைக் காட்டும். அமைப்பில் போய்ச் சென்னை, மும்பை என்று வெளி மையங்களைத் தேர்ந்தெடுத்தும் பாருங்கள். காலையில் 90, இரவில் 15 என்று வந்தால் ஊர்த் தலைவாய்க்கால் போதவில்லை. இரண்டு வேளையும் 15 என்றால் உங்கள் கம்பியிலோ மோடமிலோ கோளாறு. அதே கம்பத்தில் இணைப்புள்ள பக்கத்து வீட்டிலும் ஒரு நாள் பார்த்தால் இன்னும் உறுதியாகும்.

எண்களை நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வையுங்கள். இணைப்பு அறுந்த நாள், சரியான நாள் இரண்டையும் எழுதுங்கள். புகாரை லைன்மேனுக்குப் போனில் சொல்வதோடு நிறுத்தாமல், நிறுவனத்தின் சேவை எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். அது இல்லாமல் புகாரே இல்லை. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை விசாரிக்காது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களையும் நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மின்தடைக்கு ரவுட்டர் யுபிஎஸ் என்று கையடக்கமான பெட்டி கடையில் கிடைக்கிறது. மோடமின் அடாப்டரில் எழுதியுள்ள 12 வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பதைப் பார்த்து வாங்குங்கள். மூன்று நான்கு மணி நேரம் தாங்கும்.

மோட்டார் சிம் தனிக் கதை

போனில் மோட்டார் போடும் ஸ்டார்ட்டர்களில் பழைய வகை பெரும்பாலும் 2ஜியில் மட்டும் வேலை செய்பவை. ஜியோவில் 2ஜி கிடையாது. அந்தச் சிம்மைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. புதிதாக வாங்குவதானால் 4ஜி வகை வாங்குங்கள், 2ஜி எத்தனை காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தச் சிம்முக்குத் தினம் 2 ஜிபி பேக் போட வேண்டியதில்லை. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அழைப்பில் இயங்கும் ஸ்டார்ட்டருக்கு அது போதும். கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார், பெயர் சொல்லிக் கேளுங்கள். செயலி வழியாக இயங்கும் ஸ்டார்ட்டருக்கு மட்டும் டேட்டா தேவை.

தொடக்கத்தில் சொன்ன தென்னை விவசாயி இப்போது நான்கு கேமராவிலும் மெமரி கார்டு போட்டுவிட்டார். பிளானை 30 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டார். அவர் தடத்தில் உள்ள ஆறு தோட்டங்கள் சேர்ந்து இரண்டு ஆப்பரேட்டர்களிடம் தாள் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் கணக்கில் பணம் கேட்ட முதல் ஆள், இரண்டாவது ஆள் வந்து தூரம் அளந்துவிட்டுப் போன மறுநாள், கேபிள் செலவில் பாதியைத் தானே ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.